சீர் சைக்கிளுக்கு வந்த மொறை

எங்க வீட்டுக்காரவிய பேரு மந்திரமூர்த்தி. கோவில்பட்டி பக்கம் ஒரு நூல் மில்லுல ஒம்பது வருசமா டெம்பரவரி. தொண்ணூத்தெட்டு ஐப்பசியில அஞ்சு பேரை பெர்மனன்ட் ஆக்கப் போறோம்னு நோட்டீஸ் ஒட்டுனாவ. அதுல இவிய பேரும் உண்டு. ஆனா அந்த மாசத்துல மூணு நாள் லேட்டா வந்தா பேரை அடிச்சிருவாவளாம். இவிய ஏற்கெனவே ரெண்டு நாள் லேட்டு. எல்லாம் சைக்கிளாலதான்.

அது எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா வெயிலுமுத்து குடுத்த சீர் சைக்கிள். மழை பெஞ்சா சக்கரத்துல கரிசல் மண்ணு அப்பிக்கிடும். அப்புறம் இவிய வண்டியில போறதில்ல, வண்டிதான் இவிய தோள்ல போகும். இப்ப ஹேண்டில்பாருக்குக் கீழ குழாயே விட்டுப்போச்சு. சைக்கிள் கடை நந்தகோபால் அண்ணாச்சி பாத்துட்டு, "வெல்டிங் வச்சுப் பத்த வையும், இல்ல புதுசு வாங்கும். இப்படியே ஓட்டுனா பல்லு போயிரும்"னாவ.

நான் இவியகிட்ட பத்த வைங்கன்னேன். "சரிபண்ணிட்டா ஒங்கப்பன் புதுசு வாங்கித் தருவானாட்டி?"ன்னாவ. சரி, தீப்பெட்டி ஆபீஸ்ல எனக்கு போனஸ் வந்திருக்கு, புதுசே வாங்குங்கன்னேன். "பொண்டாட்டி காசு வண்டியில போனா மில்லுல சிரிப்பான். மாமனார் குடுத்ததை மாமனார்தான் மாத்தணும். அதான் மொறை"ன்னாவ. எந்த ஊரு மொறையோ! பிள்ளை ரெண்டாச்சு, இன்னும் புது மாப்பிள்ளைன்னு நெனப்பு.

வாயைத் தொறந்து கேட்டா மானம் போயிருமாம். காட்டுனா போகாதாம். ஞாயித்துக்கெழமை வண்டியை பஸ்ஸு மேல ஏத்தி, புதூர்ப் பக்கம் எங்கப்பா வீட்டுக்குக் கொண்டுபோயி, வாசல்ல சாத்தி வச்சாவ. கறிச்சோறு தின்னுட்டு, "மாமா, வண்டியப் பாத்தியளா?"ன்னு ஒரே ஒரு வார்த்தை.

எங்கப்பா சுத்திச் சுத்திப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு. "ஆட்டுக்குப் பின்னால நடந்து முட்டி போச்சுன்னு எப்பமோ சொன்னேன். அதை மனசுல வச்சு எனக்குக் கொண்டாந்துட்டியளே மாப்பிள்ளை!"ன்னு இவிய கையைப் புடிச்சுக்கிட்டாரு. தெருவையே கூப்பிட்டுக் காட்டுனாரு.

இவிய முழிச்ச முழியைப் பாக்கணுமே! நான் சொல்ல வாயெடுத்தேன், காலை மிதிச்சாவ. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கவா? வாய மூடுட்டி." வெறுங்கையை வீசிக்கிட்டு பஸ் ஏறுனோம்.

மறுநா ஏழு மணி ஷிப்டு. எங்க ஊர்லேர்ந்து மில்லு ஆறு மைலு, மொத பஸ்ஸே ஏழரைக்குத்தான். பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்டு வாங்கித் தாரேன்னேன். "இரவல் வண்டியா? ச்சீ!"ன்னுட்டு நடந்தாவ. மொத நா பெஞ்ச மழையில பாதையெல்லாம் சகதி. விழுந்தெழும்பிப் போயி நின்னா கேட்டு பூட்டிக் கெடக்கு. மூணாவது லேட்டுன்னு பேரை அடிச்சுட்டாவ. நேத்து வந்த அருண்பாண்டியனுக்கு அந்த எடம்.

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஒம்பது வருசம்! இவிய என்னன்னா, அந்த மில்லுக்கே இனிமே போகமாட்டேன்னு ரோஷமா போர்வையைப் போத்திப் படுத்துட்டாவ.

வெள்ளிக்கெழமை எங்கப்பா வந்தாரு. கூடவே பஸ்ஸு மேல இருந்து ஒரு புதுச் சைக்கிள் எறங்குச்சு, காயிதம்கூடப் பிரிக்கல.

"எனக்குக் குடுத்துட்டு நீங்க நடப்பியளேன்னு மனசு கேக்கல மாப்பிள்ளை. ரெண்டு கிடாயை வித்தேன். பழசை எங்கூரு வெல்டிங்காரன் அரைமணி நேரத்துல பத்த வச்சுக் குடுத்துட்டான், எனக்கு அது போதும். நீங்க இதுல வேலைக்குப் போங்க."

நாலு நாளா படுத்தே கெடந்த மனுசன் எந்திரிச்சு வந்தாவ. வண்டியை முன்னாலயும் பின்னாலயும் தடவிப் பாத்தாவ.

"லைட்டுக்கு டைனமோ வைக்கலையா மாமா?"ன்னாவ.

நான் அடுப்படிக்குள்ள போயி அழுதேன்.