மாஸ்டரின் தைலம்

பத்தொன்பது வயதில் அவளுக்குப் பல் வலி வந்தது. எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும் சாதாரண வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் மூக்கு அடைத்தது, இமைகள் வீங்கின, உள்ளே இழுத்த மூச்சு வெளியே வர மறுத்தது. அன்று பிழைத்ததே பெரிய விஷயம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒரு மஞ்சள் அட்டையில் அவளுக்கு ஆகாத மருந்துகளை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையும் அதன் பங்காளிகளும் சேர்த்துப் பதினொரு பெயர்கள்.

சாப்பாட்டுச் சங்கதி போகப் போகத்தான் தெரிந்தது. உலர்ந்த திராட்சை தின்றால் தும்மல். புதினா மிட்டாய் சப்பினால் உதடு தடித்தது. தேன், ஜாம், தக்காளி சாஸ் எல்லாம் ஒரு நாள் சும்மா விட்டன, மறுநாள் படுத்தின. மாத்திரையில் உள்ள சரக்குக்குச் சொந்தக்காரச் சரக்கு பழங்களிலும் செடிகளிலும் இயற்கையாகவே இருக்கிறது, பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது, சிலரை விடாது என்று ஒரு மருத்துவர் சொன்னார். அவள் அந்தச் சிலரில் ஒருத்தி. மூக்குக்குள் சதை வளர்ந்து இரண்டு முறை வெட்டி எடுத்தார்கள். இரண்டு முறையும் திரும்ப வளர்ந்தது. இருபத்தைந்து வயதுக்குள் வாசனை என்பதே போய்விட்டது.

அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு அரைத்துப் பொருத்தும் வேலை. தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைப் பிடித்து, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கடைக்காரர் அவளை நம்பித்தான் விலை உயர்ந்த லென்ஸ்களை வாங்கி வைத்தார். ஆனால் கல்யாணம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியாக வந்த வரனின் அம்மா, ஒரு சாப்பாட்டு மேசையில் அவள் எத்தனை தட்டுகளை வேண்டாம் என்று தள்ளினாள் என்று எண்ணிவிட்டுப் போனார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா கூடவே ஒரு பட்டியலும் வீட்டுக்கு வருதே" என்று சொல்லி அனுப்பினார்.

அவளுடைய முப்பத்தாறு வயதில் மாஸ்டர் வரனாக வந்தார். கால்பந்துக் குழு ஒன்றில் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுபவர். முட்டி வலிக்குக் கைராசிக்காரர் என்பதால் முட்டி மாஸ்டர் என்று பெயர் விழுந்து, பிறகு வெறும் மாஸ்டர் ஆனது. நாள் முழுக்கத் தைலமும் களிம்புமாகப் புழங்கியதில் அந்த நெடி அவர் தோலிலேயே குடியேறிவிட்டது. அவர் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே தைலம் வந்து கதவைத் தட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அவரைப் பார்த்த இரண்டு பெண்கள் அதற்காகவே வேண்டாம் என்றிருந்தார்கள்.

அண்ணிக்கு இது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது.

"அவரோட வாசம் போகாது, உன் மூக்கு வேலை செய்யாது. பொருத்தம்னா இதுதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நாளைக்கு உன் மாத்திரைப் புராணத்தை ஆரம்பிக்காதே. முதல்ல மனுஷங்க ஒட்டட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள்.

"கேட்டா என்ன சொல்றது அண்ணி?"

"கேட்டா சொல்லு. கேக்காததுக்கு ஏன் பதில்?"

அண்ணி கெட்டவள் இல்லை. பதினேழு வருஷமாக அவளுக்கென்று தனியாகச் சமைத்தவள். இவளுக்கும் ஒரு முறையாவது பட்டியல் இல்லாத பெண்ணாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்க்க ஆசை இருந்தது. ஒப்புக்கொண்டாள். கல்யாணம் நடந்தது.

மாஸ்டர் அதிகம் பேசாதவர். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. காலையில் அவளுக்கு முன் எழுந்து பாத்திரம் கழுவி வைப்பார். சாப்பாட்டில் அவள் எதை ஒதுக்கினாலும் ருசி பிடிக்கவில்லை போலும் என்று விட்டுவிடுவார். தலைவலி என்று அவள் நெற்றியைப் பிடித்தால் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்பார். அவர் திரும்பியதும் அவள் அந்த மாத்திரையை ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிடுவாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாலு மாதம் ஓடியது.

அந்த நாலு மாதமும் சாயங்காலம் ஆனால் அவளுக்கு நெஞ்சு இறுகியது. கடையில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில், அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, மூக்கு அடைத்து இருமல் தொடங்கும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் இன்ஹேலரை இழுத்துக்கொள்வாள். சுவர் ஈரமோ, மெத்தைத் தூசியோ என்று யோசித்தாள். மெத்தையை வெயிலில் போட்டாள். கண் சிவந்து வேலைக்கு வந்தவளைப் பார்த்துக் கடைக்காரர், "என்னம்மா, கல்யாணம் ஒத்துக்கலையா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அதையும் அவள் யோசித்துப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த வாரம் கடையில் வேலை அதிகம். குனிந்தே இருந்ததில் தோள்பட்டை கல் மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"திரும்பிப் படு. பத்து நிமிஷ வேலை."

அவள் தடுக்கவில்லை. உள்ளுக்குச் சாப்பிடுவதுதானே ஆகாது, மேலே பூசுவது என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அவர் குழுவுக்கு வந்திருந்த புதிய களிம்பைத் தாராளமாக எடுத்துக் கழுத்திலிருந்து தோள்வரை அழுத்தித் தேய்த்தார். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை மேலே போட்டு மூடினார். இப்படியொரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. கண் சொருகியது.

இருபது நிமிஷம் கழித்து எழுந்தபோது மூச்சு வரவில்லை. கைப்பை வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அதை நோக்கி ஓடி, மிதியடியில் கால் சறுக்கி, வலது கை அடியில் மாட்ட விழுந்தாள். மாஸ்டர் சமையலறையிலிருந்து வந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. கைப்பையை ஒரு தோளிலும் அவளை இன்னொரு தோளிலும் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கினார்.

அவசரப் பிரிவில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் திரும்பியது. அவள் முகமூடியை இழுத்துவிட்டுப் பேச வாயெடுத்தாள். நர்ஸ் அதைத் திரும்ப அழுத்தி மாட்டினார். மணிக்கட்டு வீங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள். வலிக்கு ஊசி போடச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் கேட்டார்.

"இவங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றார் மாஸ்டர். உறுதியாகத்தான் சொன்னார்.

அவள் இடது கையால் கட்டிலின் இரும்புக் கம்பியை அடித்தாள். மீண்டும் மீண்டும் அடித்தாள். பிறகு அவர் தோளில் இருந்த கைப்பையைக் காட்டினாள். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார். பையின் உள்ஜிப்பில், இன்ஹேலருக்குப் பின்னால், மடித்து மடித்துத் துணி போலாகிவிட்ட மஞ்சள் அட்டை இருந்தது. ஊசியில் ஏற்றியிருந்த மருந்து அதில் நாலாவது பெயர்.

நர்ஸ் மாஸ்டரைப் பார்த்தார். ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். அறுபது வயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாஸ்டரிடம் திரும்பி, "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார். பதிலுக்கு அவர் சட்டைப்பையிலிருந்த களிம்புக் குழலை எடுத்து நீட்டினார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பொடி எழுத்துகளைப் படித்தார்.

"இதுவும் அந்த மாத்திரைக் குடும்பம்தான்."

"மேல பூசுறதுதானே டாக்டர்?"

"தோலும் குடிக்கும். சூட்டுத் துண்டைப் போட்டா இன்னும் நல்லா குடிக்கும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு ஆகும்." பிறகு அவளிடம், "நாலு மாசமா தினமும் சாயங்காலம் இந்த நெடியில உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியலையா?" என்றார்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க" என்றாள்.

கையில் மாவுக்கட்டோடு வீடு திரும்பியதும் அவள் பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். உள்ளே ஒன்பது மாத்திரைகள். அவர் அவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"ஒவ்வொண்ணும் நான் தண்ணியோட கொண்டுவந்து கொடுத்தது" என்றார்.

"ஆமா."

"முழுங்கியிருந்தா?"

அவள் கூட்டை மூடினாள்.

"என்கிட்ட கேட்டாங்க. நான் எதுவும் இல்லைன்னு சொன்னேன். நல்லா தெரிஞ்ச மாதிரி சொன்னேன்." அவர் குரல் உயரவில்லை. "பட்டியலோட வந்திருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"முன்னாடி ஒருத்தங்க சொன்னாங்க."

"அவங்க சொன்னதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அதன் பிறகு பத்து நாள் அவர் அவசியமானதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஆனால் முதல் நாளே வீட்டில் இருந்த தைலம், களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மைதானத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயே குளித்து, அங்கேயே உடை மாற்றிக்கொண்டு வரத் தொடங்கினார். பழைய சட்டைகளைத் தூக்கிப் போட்டார். அது கோபமா அக்கறையா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டும் இருக்கலாம் என்று விட்டுவிட்டாள். பதினோராம் நாள் அவர் ஒரு பேரிக்காயைத் தோல் சீவி, நறுக்கி, தட்டில் வைத்து, "இது ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றாள். அதிலிருந்து பேச்சு மெல்லத் தொடர்ந்தது.

குளித்துவிட்டு வந்தாலும் விரல் இடுக்கில் கொஞ்சம் நெடி தங்கத்தான் செய்தது. இரண்டு மாதத்தில் மாஸ்டர் களிம்பையே விட்டார். மணமில்லாத எண்ணெயும், பனிக்கட்டியும், சுடுதண்ணீர்த் துண்டும் மட்டும். ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "எரியவே இல்லை மாஸ்டர், எப்படிச் சரியாகும்?" என்று கோல்கீப்பர் நேராகவே கேட்டார். இரண்டு பேர் வேறு ஆளிடம் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. அவள் இதற்காக வருத்தம் தெரிவித்தபோது, "என் கைதான் வைத்தியம். களிம்பு சும்மா வழுக்குறதுக்கு" என்றார். அதில் பாதி உண்மை.

அவள் மூச்சு சீரானது. முழுக்க இல்லை, குளிர் நாட்களில் இன்ஹேலர் வேண்டியிருந்தது. அதைக் குளியலறைக்குள் கொண்டுபோவதை நிறுத்தினாள். மணிக்கட்டு எலும்பு சற்றுச் சாய்வாகத்தான் கூடியது. லென்ஸ் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அதுவரை உடைந்த லென்ஸ்களைக் கடைக்காரர் பெரிதுபடுத்தவில்லை.

உணவு விஷயத்தில் இத்தனை வருஷமாகப் பயத்திலேயே எல்லாவற்றையும் ஒதுக்கியிருக்கிறாள் என்றார் பெரிய டாக்டர். உண்மையிலேயே ஆகாதது எது, சும்மா சந்தேகத்தில் விட்டது எது என்று ஓர் உணவியல் நிபுணர் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். ஞாயிறு காலை ஒரு பொருள், ஒரு சின்னத் துண்டு, நோட்டில் ஒரு வரி. மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்து, ஆட்டத்துக்கு நடுவராக இருப்பவர் போல நிமிர்ந்து உட்காருவார். ஆப்பிள் தேறியது. தேன் மீண்டும் தோற்றது.

ஐந்தாவது ஞாயிறு பீச் பழம். அவள் அதைக் கடைசியாகத் தின்றது பதினெட்டு வயதில். விரல் நகம் அளவுத் துண்டை வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றாள். சாறு கன்னத்துக்குள் பரவியது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரத்தில் இரண்டு தும்மல் வந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலும் வரவில்லை.

"இதை என்னன்னு எழுதுறது?" என்றாள்.

"ரெண்டு தும்மல்னு எழுது" என்றார் மாஸ்டர். "அடுத்த மாசம் இன்னொரு தடவை பார்ப்போம்."

அவள் நோட்டில் எழுதினாள். தட்டில் மிச்சமிருந்த பழத்தை அவர் எடுத்து, சமையலறை ஜன்னல் பக்கம் போய் நின்று தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.