மூன்றிலும் ஜோதிகா

1

இந்தக் கதை கரிசல் காட்டு மௌனத்தில் உதித்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உதித்தது அருப்புக்கோட்டையில், ஒரு பல் டாக்டரின் வாசல் பெஞ்சில். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மடியில் லேப்டாப்புடன் ஒரு பெண் போனில் சொன்னாள்: "செத்தவுக எந்திரிச்சிட்டாக சார்." அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதி என் சரக்கு.

2

முதல் ஆரம்பம்: அன்று விடாமல் மழை பெய்து—

(இந்த ஊரில் மழையோடு ஆரம்பிக்கிற கதையை எவன் நம்புவான்?)

இரண்டாவது: தரவு என்பது மானுட நினைவின் தொடர்ச்சியாக—

(கன்னம் வலிக்கிறது. வேண்டாம்.)

மூன்றாவது: பாளையம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஜெகதீஸ்வரி சென்னைத் திருமணத் தகவல் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறாள். அலுத்துப்போயிருக்கிறாள். இது போதும், நிற்கும்.

3

கம்பெனியிடம் மூன்று இயந்திரங்கள். ஒவ்வொரு வரனும் மூன்றிலும் இருக்கும். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டு ஓடும். மூன்றையும் ஒப்பிட்டு, ஒன்றில் விட்டுப்போனதை மற்றதிலிருந்து நிரப்புவதற்குப் பெயர் ரிப்பேர். மேலாளர் ராம்குமார் இதைத் திங்கட்கிழமைக் கூட்டங்களில் வேறு மாதிரிச் சொல்வார்: "நாம சேமிக்கிறது டேட்டா இல்ல, உறவு." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

மூன்றாவது இயந்திரம் பழுதாகிக் கிடந்த நாட்களில், அதில் பதிந்திருந்த எம்.ரெட்டியபட்டி ஜோதிகா காய்ச்சலில் இறந்துபோனாள். பெயரை எடுத்துவிடும்படி அவள் தாய் முத்துத்தாய் கேட்டார். ஓடிக்கொண்டிருந்த இரண்டிலும் எடுத்தார்கள். எடுத்த இடத்தில், 'இது நீக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் நிற்கும். அதற்குக் கல்லறைக்கல் என்று பெயர்.*

பத்து நாள் கழிந்தால் அந்தக் கல்லையும் இயந்திரமே பெயர்த்துவிடும். இடம் அடைக்கிறதாம்.

* பெயர் நான் வைத்ததல்ல. அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள். கவிஞர்கள் எங்கெங்கோ வேலை பார்க்கிறார்கள்.

4

கல் போனபிறகு மூன்றாவது இயந்திரம் எழுந்தது. அதனிடம் ஜோதிகா இருந்தாள்.

"அத முழுசா அழிச்சிட்டு, புதுசா நிரப்பணும் சார்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நாளு."

"முகூர்த்த சீசன்மா! ரிப்பேர் மட்டும் ஓட்டுங்க."

ஓட்டினாள். இரண்டு இயந்திரங்களிடம் ஜோதிகா இல்லை. நீக்கினோம் என்ற நினைப்பும் இல்லை. ஒன்றிடம் இருக்கிறாள். இருக்கிறது என்பவன் பேச்சுத்தான் எடுபடும். சாயங்காலத்துக்குள் மூன்றிலும் ஜோதிகா.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். விவரம் தெரிந்தவள் இதைச் செய்வாளா? இதே வேலை பார்க்கும் நண்பரைக் கேட்டேன். "தெரியும், ஆனா மூணாவது தடவ எடுத்துச் சொல்லத் தெம்பு இருக்காது" என்றார். ஆகவே 'ஓட்டினாள்' என்ற வரி அப்படியே நிற்கிறது.)

5

கம்பெனியிலிருந்து முத்துத்தாய்க்குக் குறுஞ்செய்தி: வாழ்த்துகள்! உங்கள் மகளுக்கு ஏற்ற வரன்கள்.

புகார் ஜெகதீஸ்வரியிடம் வந்தது. கூப்பிட்டாள்.

"எடுத்தாச்சுன்னு நீங்கதான தாயி சொன்னீக?"

"எடுத்தோம் அத்த. திரும்ப வந்திருச்சு."

"போனது திரும்ப வருமாக்கும்? உங்க ஊர்ல மட்டும்?"

அந்தம்மாவே தொடர்ந்தார்.

"மல்லாங்கிணத்துல இருந்து சுந்தரபாண்டின்னு ஒருத்தரு, மகனுக்காகப் பேசுனாரு. போட்டோவுல பிள்ளையப் புடிச்சுப்போச்சாம், ஞாயித்துக்கெழம பாக்க வரவான்னாரு. எனக்குப் பேச்சே வரல, சும்மா இருந்துட்டேன். அத சம்மதம்னு எடுத்துக்கிட்டாக. வேனு பேசியாச்சாம்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க அத்த..."

"பேங்க்ல சொன்னேன். ரேசன் கடையில சொன்னேன். பஸ்ஸுல கேட்டவுகளுக்கெல்லாம் சொன்னேன். இன்னொருக்கா அந்த வார்த்த என் வாயில வராது. நீங்க எழுப்புனீக, நீங்களே சொல்லுங்க."

6

ஜெகதீஸ்வரி ஜோதிகாவை மறுபடி நீக்கினாள். புதுக் கல் நட்டு, அது நிற்கும்போதே ரிப்பேர் ஓட்டினாள். இயந்திரங்கள் ஒரே தடவையில் கேட்டுக்கொண்டன. மனிதர் ஒருவர் பாக்கி.

"டெக்னிக்கல் கோளாறுன்னு சொல்லுங்க" என்றார் ராம்குமார். "சாவுன்ற வார்த்தையே வரக் கூடாது. பிராண்டு கெட்டுப்போகும்."

7

கைவசம் உள்ள முடிவுகள்:

முத்துத்தாய், "போட்டோவாது இருந்துட்டுப் போகட்டும்" என்று கண்ணீர் மல்க— (பரிசு கிடைக்கும். ஆனால் அந்தம்மா அப்படிச் சொல்லவில்லை. எடு என்றுதான் சொன்னார்.)

ராம்குமார் மனம் திருந்தித் தானே போன் செய்வது. (புனைவுக்கும் ஓர் எல்லை உண்டு.)

யாரும் சொல்லாமலே விடுவது. ஞாயிற்றுக்கிழமை ரெட்டியபட்டித் தெருவில் ஒரு வேன் திரும்பும். தட்டில் பழம், பூவோடு இறங்குவார்கள். எந்த வீடு என்று கேட்பார்கள். (இதை மூன்று வரிக்குமேல் எழுத முடியவில்லை.)

8

ஆகவே ஜெகதீஸ்வரி சுந்தரபாண்டியின் எண்ணை அழுத்துகிறாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அலோ, புது நம்பரா இருக்கு, ரெட்டியபட்டியா? வாங்க வாங்க! நாங்களே கூப்புடணும்னு இருந்தோம். இந்தா, எம் பொண்டாட்டி பக்கத்துலதான் நிக்கிறா, ஒண்ணு கேக்கச் சொல்றா. பிள்ளைக்கு மல்லி புடிக்குமா, பிச்சியா?"

ஜெகதீஸ்வரி வாயைத் திறக்கிறாள். அந்த வாயில் வைக்க என்னிடம் வார்த்தை இல்லை. சும்மா இருக்கவும் முடியாது. சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

போனை உங்களிடம் தருகிறேன். பிடியுங்கள்.

"அலோ? கேக்குதா?"