வேம்பு வைக்காத ரேகை

விடியுமுன்னே முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார்கள் பெண்கள் எட்டுப் பேரும். குனிந்து, நாற்றை ஊன்றி, பின்னுக்கு நகர்ந்தார்கள். நடவுப் பாட்டில்லை. மூன்று நாளைக்கு முன் பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த நல்லக்கண்ணு நுரை தள்ளிச் செத்தான். எட்டுப் பேரில் ஒருத்தியான அவன் பெண்சாதி வேம்பு அன்றிலிருந்து அழவில்லை, வாய் திறக்கவுமில்லை.

பண்ணையார் இராஜாங்கம் வரப்பில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

“பாம்பு கடிச்சுச் செத்தான்னு எழுதியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள ரேகை வை, வேம்பு. இல்லே, குடிசையைப் பிரிச்சுக்க.”

“குடியிருக்கிற மனை எங்களுக்கேன்னு சட்டம் வந்துடுச்சாமே, ஐயா?” என்றாள் பெண்களில் மூத்தவளான காத்தாயி.

“சட்டம் மெட்ராஸ்ல இருக்கு. ஒங்க குடிசை என் கொல்லையில இருக்கு.”

“கஞ்சி வேளையில கூடி ஒப்பாரியாச்சும் வச்சுக்கிறோம். அவ நெஞ்சு கல்லாக் கெடக்கு.”

“சங்கக் கூட்டம்னா தோலை உரிப்பேன். அழுவுறதுன்னா அழுங்கடி, யாரு வேணாங்கிறா?” சிரித்துக்கொண்டே பூவரச நிழலுக்குப் போனார்.

கஞ்சி வேளையில் வாய்க்கால் மேட்டில் ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி குரலெடுத்தால் மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. அசைந்தபடி கேட்க வேண்டும். அதுதான் வழக்கம்.

“ஒழுகுற மருந்து டின்னு எம் மவனே, ஒம் முதுவெல்லாம் நனைச்சுதே!” என்று காத்தாயி எடுத்தாள்.

“மூக்கைக் கட்டத் துணி கேட்டான். மாப்பிள்ளைக்குத் துணி வேணுமாம்னு சிரிச்சாரே பண்ணையாரு!” என்று தொடர்ந்தாள் அம்சம்.

பண்ணை வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சாவித்திரி அடுத்துக் குரலெடுத்தாள். “ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டாங்க. வண்டி நாறிடும்னு சொன்னாரு. எங் காதால கேட்டேன்.”

ஆளுக்கொரு துண்டாகத் தெரிந்தது அங்கே ஒன்றாகச் சேர்ந்தது.

“பாம்பு கடிக்கல!” வேம்பு அலறிய அலறலில் நாரைகள் எழும்பின. “ரேகை வைக்க மாட்டேன்!”

இராஜாங்கம் ஓடிவந்தார். “கலைஞ்சு போங்கடி!”

“ஒப்பாரிங்க ஐயா. நீங்க சொன்னதுதான்,” என்றாள் காத்தாயி. ஒரு கையும் தோளைவிட்டு இறங்கவில்லை.

அவர் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரனை விரட்டினார். “ஜீப்பைக் கொண்டா! ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு வா!”

சற்றுநேரத்தில் ரோட்டில் புழுதி கிளம்பியது. தடிகளின் நுனி தெரிந்தது. அடுத்த வயலில் உழுதுகொண்டிருந்த வீரையன் ஏரை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினான். அவன் பின்னால் உழவுக்காரர்கள் ஐந்தாறு பேர்.

“நாங்க எங்க உக்காரட்டும்?”

வேம்பு கண்ணைத் துடைக்காமலே நகர்ந்து இடம் விட்டாள்.