சாலையைத் தாண்டிக் குடிபோனது

அமெரிக்காவின் டெக்ஸார்கானா ஊரில் ஒரு சாலைதான் மாநில எல்லை; இந்தப் பக்கம் ஆர்கன்சாஸ், அந்தப் பக்கம் டெக்ஸஸ். 2016இல் நானும் ஒடெஸ்ஸாவும் துணிமணிகளைக் குப்பைப் பைகளில் அடைத்துக்கொண்டு அதைத் தாண்டி டெக்ஸஸ் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். அந்த வீட்டின் சமையலறையில் ஜன்னல் இருந்தது. அதுதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளை அரசு விட்டுவைக்கும் வளர்ப்பு வீட்டில் கடைசி நாலு வருஷம் எங்களுக்கு ஒரே அறை. ஒடெஸ்ஸாவுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை; தினம் நாலு இன்சுலின் ஊசி. பதினெட்டில் வெளியேறும் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வயதுவரை அரசு மருத்துவக் காப்பீடு உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். வளர்த்த மாநிலத்துக்குள் இருக்கும்வரைதான் அது உறுதி என்பது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் மாதம் மருந்துக்கடையில் அவள் கார்டு செல்லவில்லை. இரண்டு பக்கக் காப்பீட்டு அலுவலகங்களுக்கும் அலைந்தோம்.

"இப்ப நீ எங்க ஊர்க்காரி இல்லையேம்மா" என்றார்கள் ஆர்கன்சாஸில்.

"நீ எங்ககிட்ட வளந்த பிள்ளை இல்லையே" என்றார்கள் டெக்ஸஸில்.

அவள் மருந்தைப் பாதியாகக் குறைத்திருந்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

"என்னடி இது?"

"டயட்டுல இருக்கேன்டீ."

"விளையாடாத. திரும்பிப் போயிடு. அந்தப் பக்கம் ஒரு ரூம் பாக்கலாம்."

"நீ?"

"வாடகை ஒப்பந்தம் என் பேர்ல இருக்கு. வருஷம் முடிஞ்சதும் வந்துடறேன்."

"ஏழு வீட்டுல துரத்துனாங்க. எட்டாவது நீயா, வெர்னா? ஊசி இல்லாமக்கூட இருந்துக்குவேன். தனியா படுக்கத்தான் தெரியாது."

"வாய மூடிட்டுப் பைய எடு."

போனாள். சில வாரங்களில் காப்பீடு திரும்பக் கிடைத்தது. தினமும் காலையில் போனில் பேசிக்கொண்டோம்.

பிப்ரவரியில் ஒரு காலை அவள் எடுக்கவில்லை. சாலையைத் தாண்டி அவள் அறைக்கு ஓடினேன். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி உயிர் போயிருந்தது. ஒரே அறையில் இருந்த நாட்களில் அவள் மூச்சு மாறினாலே நான் எழுந்துவிடுவேன்; ஜூஸைப் புகட்டிவிட்டுத் திட்டுவேன். இங்கே ஃப்ரிட்ஜ் நிறைய இன்சுலின் இருந்தது. அவளைத் தட்டியெழுப்ப ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"காப்பீடெல்லாம் சரியா இருக்கும்மா. நீங்க அவங்களுக்கு யாரு?"

"தங்கச்சி."

"குடும்பப் பேரு வேறயா இருக்கே. சொந்தக்காரங்க யாராவது வந்தாத்தான் கையெழுத்து வாங்கிட்டு உடம்பத் தர முடியும்."

சரியென்று தலையாட்டினேன். யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல மாலைவரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.