ரோக்கோ தாள்

கூரை இடுக்கிலிருந்து தம்பி கன்னையாவின் வேட்டியை உருவியபோது, அதோடு ஒரு சின்னப் பொட்டலம் வள்ளியம்மாவின் காலடியில் விழுந்தது.

"கோடித்துணி வர நேரமாகும், துவைச்ச வேட்டி ஒண்ணு கொடுங்க" என்று வெளியில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அவள் வேட்டியை ஆள் கையில் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, மேலே கையை விட்டுத் துழாவினாள். அத்தாப்பு ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே இன்னொரு பொட்டலம் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பல. ஈரக் காற்றில் காகிதம் பழுப்பேறி, சிலவற்றைக் கரப்பான் அரித்திருந்தது. உள்ளே வெள்ளைத் தூள். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு தொண்டைவரை இறங்கியது.

கொய்னா.

கிள்ளானிலிருந்து சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போகிற தண்டவாளத்தை ஒட்டிச் சதுப்பு நிலத்தில் கட்டிய லயம் அது. ரயில் பாதை பார்க்கிற கேங்கு ஆட்கள்தான் எல்லா வீட்டிலும். வாரம் ஒருதரம் ஆஸ்பத்திரி டிரெசர் தண்டவாள டிராலியில் வந்து, காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு இத்தனை என்று பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். வள்ளியம்மா பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதும் ரயிலேறி வந்தாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தண்டவாளத்தில் யாரோ நிற்கிறார்கள், விலகச் சொல்லுங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தான். இன்று விடிகிற நேரத்தில் கத்தல் நின்றது.

அவள் பொட்டலங்களை மடியில் கட்டிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியின் முன்னால் போய் அவிழ்த்துக் காட்டினாள்.

"இது என்ன இராஜம்மா?"

இராஜம்மா பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"அவங்கதான் வேணாம்னாங்க மதினி. ரெண்டு பேரும் சாப்பிட வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

இராஜம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள். "கல்யாணம் ஆகி இத்தனை நாளாச்சு, ஒண்ணும் தங்கலைன்னு அவங்களுக்கு மனசுல ஒரே இது. பக்கிரிசாமி அண்ணன்தான் சொன்னாரு. கொய்னா ரத்தத்தச் சுண்ட வச்சிடும், அதைத் தின்னா ஆம்பிளைக்குப் பிள்ளை பொறக்காதுன்னு. சம்பள நாள் தவறாம லேகியம் கொண்டுவந்து கொடுப்பாரு. அதை மட்டும் விடாமச் சாப்பிட்டாங்க."

"இங்க வேற யாரு கொய்னா சாப்பிடுறது?"

"யாரும் இல்ல மதினி. எல்லாரும் ஆத்துலதான் கொட்டுறாங்க. இவங்கதான், கொடுத்தத எறியக்கூடாதுன்னு சொருகி வச்சாங்க."

வள்ளியம்மா பொட்டலங்களை மறுபடியும் முடிந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துவிட்டு இறுக்கிப் போட்டாள். கிள்ளான் பாசாரில் லேகியக்கடை வைத்திருக்கிற பக்கிரிசாமியை அவளுக்குத் தெரியும். தம்பி கல்யாணத்தில் பந்தி முழுக்க அவன் குரல்தான் கேட்டது. நன்றாகப் பேசுவான். அவன் பேசினால் கிழவர்களும் எழுந்து வந்து கேட்பார்கள்.

சாவு சொல்லப் போகிற அய்யாவு தமுக்கோடு வாசலில் வந்து நின்றார். கிள்ளானில் சுகாதார ஆபீசுக்குத் தமுக்கு அடிக்கிற வேலையும் அவருக்குத்தான். தண்ணீர் தேங்க விடாதே, கொய்னா சாப்பிடு என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். சாவு விழுந்த வீடுகளிலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"எத்தனை மணிக்கு எடுக்குறீங்க தங்கச்சி? பேரு, கேங்கு, நேரம் மூணும் சொன்னாப் போதும். கம்பத்து வீடுங்க வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன்."

"அண்ணே, போன மாசம் இந்த லயத்துல கொய்னாவுக்குத் தமுக்கு அடிச்சீங்களா?"

"அடிக்காம? கை வலிக்க அடிச்சேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

அய்யாவு தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடமாக ஒப்பித்தார். "இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், விஷஜுரத்தைத் தடுக்கும் பொருட்டு..." பாதியில் நிறுத்தினார். "ஆபீசுல எழுதிக் கொடுத்தது. ஒரு நாய்கூட வெளிய வந்து பாக்கல. ஒருத்தன் சன்னல் வழியா, 'போய் உன் பெண்டாட்டிக்குக் கொடு'ன்னான். சாவு சொன்னா மட்டும் அத்தனை பேரும் அடுப்புல இருக்கிறத அப்படியே போட்டுட்டு வாசலுக்கு வந்துடுறாங்க. அதே தமுக்கு, அதே வாய். என்ன பண்றது, சொல்லு."

வள்ளியம்மா அவர் தோளில் தொங்கிய தமுக்கைப் பார்த்தாள்.

"சாவையே சொல்லுங்க அண்ணே. ஆனா நான் சொல்றபடி சொல்லணும்."

அவள் சொன்னாள். கேட்கக் கேட்க அய்யாவு தமுக்கைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டார்.

"பேரு வேணுமா தங்கச்சி? யாரோ ஒருத்தன் பேச்சைக் கேட்டுன்னு சொல்லிடலாமே."

"பேரைத்தான் சொல்லணும்."

உள்ளேயிருந்து இராஜம்மா எழுந்து வந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

"வேணாம் மதினி. பக்கிரிசாமிய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளை இல்லங்கிறத ஏன் சொல்லணும்? அவங்க வெளிய ஒருத்தருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. செத்த அன்னைக்கு அதையா தமுக்கு அடிக்கணும்? நாளைக்கு ஊரு என் மூஞ்சியப் பாத்து என்ன பேசும்?"

"அதைச் சொல்லலைன்னா அவன் ஏன் சாப்பிடலைன்னு யாருக்குத் தெரியும்? காய்ச்சல் வந்துச்சு, போனான்னு கேட்டுட்டுப் போவாங்க. அந்த ஆளு அடுத்த சம்பளத்துக்கு லேகிய டப்பாவோட வந்து நிப்பான்."

"உங்களுக்கு அவரைப் பழி வாங்கணும். அதுக்கு எங்க மானம்தான் கிடைச்சுதா?"

அது உண்மையாக இருக்கலாம் என்று வள்ளியம்மாவுக்குத் தோன்றியது. தம்பி உயிரோடு இருந்திருந்தால் அவனே கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் அக்கா என்றிருப்பான். குளிப்பாட்டிப் பெஞ்சில் கிடத்தியிருந்த அவனை ஒருமுறை பார்த்தாள். தாடைக்கும் தலைக்கும் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். வாய் மூடியிருந்தது.

"போங்க அண்ணே" என்றாள்.

அய்யாவு போனார். முதலில் தமுக்குச் சத்தம். கதவுகள் திறந்தன. பிறகு அவர் குரல், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

"கேங்கு கன்னையா செத்துப் போனான்! காய்ச்சல்ல செத்தான்! கொய்னா தின்னா பிள்ளை பொறக்காதுன்னு லேகியக்கடை பக்கிரிசாமி சொன்னத நம்பி, கொடுத்த மருந்தைக் கூரையில சொருகி வச்சிட்டுச் செத்தான்! சாயங்காலம் எடுக்குறாங்க!"

இராஜம்மா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். குரல் அடுத்த லயத்துக்குப் போயிற்று. அதற்கும் அடுத்ததுக்குப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரு அமைதி விழுந்தது. வள்ளியம்மா அந்த அமைதியைத்தான் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. ஆண்கள் வேப்பமரத்தடியில் தனியாகப் பேசினார்கள். அவள் பக்கம் வந்தால் நிறுத்திக்கொண்டார்கள். "என்ன இருந்தாலும் தம்பி பேரை இப்படிச் சந்தியில இழுக்கலாமா?" என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

பக்கிரிசாமி வந்தான். வருவான் என்று அவளுக்குத் தெரியும். வராவிட்டால் ஒப்புக்கொண்டது போலாகிவிடும். பெரிய ரோஜா மாலையும், வெள்ளைச் சட்டையும், ஈரக் கண்களுமாக வந்தான். சாவு வீட்டில் யாரையும் தடுக்கக் கூடாது. கூட்டம் தானாக வழிவிட்டது.

"தம்பி! என் தம்பி!" என்று காலடியில் விழுந்து அழுதான். மாலையைப் போட்டுவிட்டு எழுந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கைகூப்பினான். "வள்ளியம்மா பேசினதுக்கு நான் கோவப்படலை. கூடப் பொறந்தவ, துக்கத்துல ஆயிரம் சொல்லுவா. விதி முடிஞ்சா கொய்னா என்ன செய்யும், லேகியம் என்ன செய்யும்?"

சிலர் தலையாட்டினார்கள். அது வள்ளியம்மாவின் கண்ணில் பட்டது. காலையிலிருந்து கட்டியதெல்லாம் ஒரு பேச்சில் சரிவது தெரிந்தது.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் இருந்த அரிசியை அள்ளி, உடம்பின் வாயருகே இட்டார்கள். பக்கிரிசாமியும் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது வள்ளியம்மா அரிசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இது என் தம்பிக்குக் கொடுத்தது. முதல்ல நீங்க இதை உங்க வாயில போடுங்க. அப்புறம் அவன் வாயில அரிசி போடலாம்."

"என்னம்மா இது? எனக்கு எங்க காய்ச்சல்?"

"அவனுக்கும் அப்ப காய்ச்சல் இல்ல. வராம இருக்கத்தான் கொடுத்தாங்க. கெடுதல்னு நீங்க சொன்னீங்க. எப்படிக் கெடுக்குதுன்னு நாங்களும் பாக்குறோம்."

அவன் மறுப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். இல்லாவிட்டால் கசப்பு தாங்காமல் உடம்பின் முன்னாலேயே துப்புவான். எது நடந்தாலும் ஊர் பார்க்கும். அதற்குமேல் அவள் யோசித்திருக்கவில்லை.

"போட்டுடு அண்ணே, எடுக்க நேரமாகுது" என்றார் ஆட்களை வேலை வாங்குகிற கேங்கு மண்டோர். அவர் பேச்சுக்கு லயத்தில் மறுபேச்சு கிடையாது.

பக்கிரிசாமி சிரித்தான். "இவ்வளவுதானே? என் தம்பிக்காக இதைக்கூடச் செய்ய மாட்டேனா?" என்று பொட்டலத்தை வாங்கினான். இன்னொரு கை சட்டைப் பைக்குப் போயிற்று. புகையிலை சுருட்டுகிற மெல்லிய ரோக்கோ தாள் கட்டை எடுத்தான். ஒரு தாளை விரலால் நெம்பி உருவினான். குழித்துப் பிடித்து, தூளை ஒரு துளியும் சிந்தாமல் கொட்டினான். இரண்டு பக்கமும் மடித்தான். நுனிகளை முறுக்கினான். நாக்கில் ஒற்றி ஈரமாக்கி, அடித்தொண்டையில் எறிந்து ஒரு மடக்கில் விழுங்கினான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை.

அந்த லயத்தில் கொய்னாவைத் தின்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதைத் தின்கிற ஒரே வழிதான் தெரியும். நாக்கில் கொட்டி, தண்ணீரைக் குடித்து, குமட்டி, பாதியை வாந்தி எடுப்பது.

பக்கத்து வீட்டு லெட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். குத்தலாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அண்ணே, இப்படி மடிச்சா கசக்காதா?"

"கசக்காது. நேரா உள்ள போயிடும்" என்றான் பக்கிரிசாமி.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையில் ரோக்கோ தாள் கட்டு இருந்தது. அதைப் பார்த்தான்.

"தினம் சாப்பிடுறவரு கையி" என்றார் அய்யாவு, தமுக்கின்மேல் சாய்ந்துகொண்டு.

"உங்களுக்கு அஞ்சாவதும் இப்பத்தானே பொறந்துச்சு?" என்றாள் லெட்சுமி.

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று யாரும் அடக்கவில்லை. சிரிப்பு நின்ற பிறகு இருந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. அதில் பல பேர் தங்கள் வீட்டுச் சாவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்குமுன் மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்த ஒருவன், முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு பக்கிரிசாமியைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். மண்டோர் குறுக்கே கையை நீட்டினார்.

"இப்ப அரிசி போடுங்க" என்றாள் வள்ளியம்மா. தட்டை நீட்டினாள். "வாங்க. போட்டுட்டுப் போங்க."

பக்கிரிசாமி அரிசியை அள்ளினான். விரல்களுக்கு நடுவே பாதி சிந்தியது. கன்னையாவின் முகத்தைப் பார்க்காமல் போட்டான். பிறகு செருப்பைத் தேடினான். எங்கே விட்டானோ, கிடைக்கவில்லை. வெறுங்காலோடு தண்டவாளத்துச் சல்லிமேல் நடந்து போனான். யாரும் அவனைத் தொடவில்லை. வள்ளியம்மாவுக்கு அதில் குறைதான். அவன் வெள்ளைச் சட்டை தண்டவாள வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடம்பை எடுத்துப் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை வைத்திருந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். அய்யாவு புறப்படும்போது வள்ளியம்மா வாசல்வரை வந்தாள்.

"நாளைக்குக் காலையில பாசார்ல சொல்லணும் அண்ணே. அவன் கடைக்கு நேர் எதிர நின்னு."

"எடுத்தாச்சே தங்கச்சி. ஆபீசுல என்னன்னு கேட்டா?"

"சாவு சொல்றேன்னு சொல்லுங்க."

அய்யாவு தமுக்கைத் தோளில் மாட்டினார். "இன்னைக்குச் சொன்னதேவா?"

"இன்னைக்குச் சொன்னது. அதோட அந்த ரோக்கோ தாளையும் சேத்துக்குங்க."

அவள் உள்ளே திரும்பியபோது இராஜம்மா விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால், வள்ளியம்மா குளிக்கப் போகும்போது மடியிலிருந்து அவிழ்த்து வைத்த பொட்டலங்கள். பக்கத்தில் பக்கிரிசாமி விட்டுப்போன ரோக்கோ தாள் கட்டு. தமுக்குச் சத்தம் கேட்டதிலிருந்து அவள் வள்ளியம்மாவோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

இராஜம்மா ஒரு தாளை எடுத்துத் தூளைக் கொட்டி மடித்தாள். தாள் கிழிந்து தூள் சிந்தியது. இன்னொரு தாளை எடுத்தாள். இந்தத் தடவை நுனி முறுக்கு அவிழ்ந்துவிட்டது. வள்ளியம்மா எதிரில் உட்கார்ந்தாள். உதவி செய்யலாமா என்று கையை நீட்டியவள், திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்தது பிரியாமல் நின்றது. இராஜம்மா அதை நாக்கில் ஒற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. லெட்சுமி, தலை குளித்த ஈரத்தோடு. அவளுக்குப் பின்னால் இன்னும் யாரோ நின்றார்கள்.

"அந்தத் தாளு மிச்சம் இருக்கா?"

இராஜம்மா தலை நிமிரவில்லை. தாள் கட்டிலிருந்து ஒன்றை விரலால் நெம்பி உருவி, வாசல் பக்கம் நீட்டினாள்.