சிவப்புத் துண்டு

ரங்கூனின் அலோன் படகுத்துறையில் முதல் படகின் எஞ்சின் இருமத் தொடங்கும்போதே கிடங்கில் வேலை ஆரம்பமாகிவிடும். அன்றும் அப்படித்தான். ஆற்றுப் பனி தகரக் கூரையில் நீராகத் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. சத்யபாமா ஒரு மூட்டையின் மேல் முழங்காலை ஊன்றி, கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். கயிறு உரசி உரசி அவள் உள்ளங்கை ரேகைகள் அழிந்து போயிருந்தன. ஜோசியக்காரன் அந்தக் கையைப் பார்த்தால் இவளுக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்லிவிடுவான். கையைப் பார்க்காமலே அதை நாமும் சொல்லலாம்.

எதிரே கரீமா கூடாரத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போன பயணத்தின் ஈரம் காயாமல் துணியில் பூஞ்சை வாடை அடித்தது. அந்தப் பக்கம் நான்கைந்து பெண்கள் அரிசியும் டப்பா மீனும் பிரித்து வைத்தார்கள். பேச்சில்லை. விமானத்துக்குச் சரக்கு மதியத்துக்குள் போயாக வேண்டும்.

கொரோனா வருவதற்கு முந்திய குளிர்காலம் அது. குழந்தைவேலுவின் கம்பெனி வெளிநாட்டுக்காரர்களை வடக்கே அழைத்துப் போகும். இமயமலை பர்மாவுக்குள் கால் நீட்டிக் கிடக்கிறதே, அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு. ஊர் ஊராக நடந்து, மலைவீடுகளில் அடுப்போரம் உட்கார்ந்து, அவர்கள் நெய்வதையும் ஆடுவதையும் பார்த்துவிட்டு வரலாம். 'மலைமக்களின் வாழ்வை அவர்களோடு வாழ்ந்து பாருங்கள்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். அப்படி வாழப் போகிறவர்களுக்கு மடக்கு மேசை வேண்டும், மடக்கு நாற்காலி வேண்டும், ஒயின் புட்டிகள் வேண்டும், மடக்குக் கழிப்பறைகூட வேண்டும். எல்லாம் ரங்கூனில் மூட்டையாகி, விமானத்தில் வடக்கே புத்தாவோ ஊருக்குப் போய், அங்கிருந்து மலைக்காரர்களின் நெற்றிப் பட்டையில் தொங்கிக்கொண்டு மேலே ஏறும்.

கிடங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி தொடங்கிய காலத்தில் மூட்டைகள் கனமாகப் போய்க்கொண்டிருந்தன. சுமைகாரர்கள் பயணத்தோடு போய்வரும் சமையல்காரன் அஸ்கரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்கள்: கட்டுகிறவர்கள் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும். சத்யபாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தூக்காததா என்று ஒரு மூட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கிடங்கின் மரப்படியில் மச்சுக்கு ஏறினாள். பாதிப் படியில் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. இறங்கி வந்து, மூட்டையைப் பிரித்துப் பாதியை எடுத்து வெளியே போட்டாள். அன்றிலிருந்து எந்த மூட்டையானாலும் கட்டியவளே அதைச் சுமந்து மச்சுக்கு ஏறி இறங்குவாள். ஏற முடிந்தால் சத்யபாமா தன் பழைய சிவப்பு லோஞ்சிக் கைலியிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கயிற்றில் கட்டுவாள். துண்டைக் கண்டால் மலையில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை, மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

அந்தச் சுமைகாரர்களுக்குத் தலைவன் பிராங். சத்யபாமா அவனைப் பார்த்ததே இல்லை. ஆனால் திரும்பி வரும் காலிச் சாக்குகளுக்குள் எப்போதும் ஒரு புட்டி மலைத்தேன் இருக்கும். அது பிராங் அனுப்புவது. அவள் பதிலுக்கு மாசிக்கருவாட்டுச் சம்பல் செய்து அனுப்புவாள். முகம் தெரியாத ஒருவனிடம் அவளுக்கு இருந்த பிரியம், முகம் தெரிந்த முதலாளியிடம் இருந்ததில்லை. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இந்தப் பருவத்தில் குழந்தைவேலு சுமைகாரர்களைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு மூட்டையை ஒன்றாகக் கட்டச் சொன்னார். சத்யபாமா கட்டினாள், கட்டாவிட்டால் வேலை போய்விடும். ஆனால் அதைச் சுமந்து படியேற முடியவில்லை. அதனால் துண்டு கட்டவில்லை. துண்டில்லாத மூட்டையைப் பார்த்தால் மலையில் அவர்களே பிரித்துக்கொள்வார்கள் என்று நம்பினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அந்த மூட்டைகளோடு ஒரு குழு இப்போது மலையில் இருந்தது; இன்று கட்டுவது அடுத்த குழுவுக்கு.

கிடங்கு போன் அடித்தது. கரீமா எடுத்து, முகம் மாறி, அவளிடம் நீட்டினாள். மலைக்குக் கொடுத்தனுப்பும் சாட்டிலைட் போனிலிருந்து அஸ்கர் பேசினான். காற்றுச் சத்தத்தில் குரல் வந்து வந்து போனது.

"அக்கா, பிராங் விழுந்துட்டான். ஓடைக்கல்லுல கால் வழுக்கிடுச்சு. மூட்டை அவன் இடுப்பு மேலயே விழுந்துச்சு. ரெண்டு காலும் அசையல."

"எந்த மூட்டைடா?"

"மேசையும் ஒயினும் வச்ச பெரிய மூட்டை. துண்டு கட்டியிருந்துச்சே, அதான் தூக்கிப் பாக்காம மாட்டிக்கிட்டான்."

"அதுக்கு நான் துண்டு கட்டலியே!"

"கட்டியிருந்துச்சுக்கா. பளபளன்னு புதுத் துணி."

சத்யபாமா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் துண்டுகள் துவைத்துத் துவைத்து வெளுத்தவை. போனருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கரீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு வேன்ல ஏத்துனப்ப சயா கையில செகப்புத் துணி இருந்துச்சு சத்யா. வேனுக்கு நாட் சாமி துணி கட்டப் போறாருன்னுல்ல நெனச்சேன்."

சயா என்பது முதலாளிதான். அங்கே வேனின் முன்னால் சிவப்புத் துணி கட்டாத ஓட்டுநர் கிடையாது. வழியில் தேவதைகள் காப்பாற்றுமாம். அந்தத் துணி யாரைக் காப்பாற்றியது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"அக்கா, கேக்குதா?" அஸ்கர் கத்தினான். "மாத்தி மாத்தித் தூக்குனா அவனைப் புத்தாவோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம். சயா போன்ல மயாபூன்னுட்டாரு. அப்புறம் சாமான் தூக்க ஆளில்லியாம். அடுத்த ஊருல அறுவடைத் திருவிழா, வெள்ளைக்காரங்க அதைப் பாத்தாகணுமாம். பிராங்கை ஒரு குடிசையில போட்டுட்டு நடங்கன்னு சொல்லிட்டாரு. காய்ச்சல் அடிக்குதுக்கா அவனுக்கு."

மயாபூ. முடியாது என்பதற்கு பர்மாக்காரர்களின் சொல். அங்கே கூலிக்காரன் பிறந்தது முதல் காதில் விழும் சொல் அது.

"அஸ்கர், நான் சொல்றதைச் சுமைகாரங்களுக்குச் சொல்லு. துண்டை நம்ப வேணாம். எல்லா மூட்டையையும் கீழ எறக்கச் சொல்லு. பிராங் கீழ போற வரைக்கும் இங்கருந்து ஒரு மூட்டை வராது. நாங்க கட்ட மாட்டோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். அரிசி பிரித்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். கரீமா கூடாரத் துணியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"லைங் தாயாவுல தையல் கம்பெனியில இருந்தப்ப ஆயிரம் பேரு வேலை செய்யாம உக்காந்தோம்," என்றாள் கரீமா. "அதுக்கே ஒண்ணும் நடக்கல. எல்லாரையும் வெளிய தள்ளிட்டு வேற ஆள் வச்சுட்டாங்க. இங்க நாம ஒரு கைப்பிடி ஆளு. தோத்துடுவோம் சத்யா."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி," என்று சொன்ன கரீமா எழுந்திருக்கவில்லை. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள்.

குழந்தைவேலு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வெள்ளைச் சட்டை, பட்டு லோஞ்சி, வாயில் வெற்றிலை. மூட்டைகள் பாதியில் கிடப்பதைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பினார்.

"என்னம்மா இது, மொஹிங்கா சூப்புக் கடையா? ஆளுக்கு ஒரு மூட்டை மேல உக்காந்திருக்கீங்க? பிளேன் காத்திருக்குமா?"

சத்யபாமா எழுந்து நின்றாள். "பிராங்கைக் கீழ அனுப்புங்க சயா. அனுப்பிட்டேன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க கட்டிடறோம்."

"ஓ, போன் வந்திருச்சா? அந்த அஸ்கர் வரட்டும், கவனிச்சுக்கறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, எனக்கு மட்டும் வருத்தமில்லையா? விருந்தாளிங்க கலாசாரம் பாக்க வந்திருக்காங்கம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதைப் பாக்கவா வந்தாங்க? பயணம் முடியட்டும், வர்ற வழியில கூட்டிட்டு வரலாம்."

"அதுவரைக்கும் அவன் இருக்கணுமே."

"மலைக்காரன் கல்லு மாதிரி. ஒண்ணும் ஆகாது."

"கல்லு மாதிரி இருக்கறவன் கல்லுல விழுந்து ஏன் ஒடைஞ்சான் சயா? மலைக்காரங்க வாழ்க்கையைக் கூட இருந்து பாருங்கன்னுதானே போட்டிருக்கீங்க. பாக்கட்டுமே. அவன் இடுப்பு ஒடைஞ்சு கெடக்கறதும் அவன் வாழ்க்கைதானே?"

பின்னால் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டாள். குழந்தைவேலுவின் முகம் கறுத்தது.

"உன் கட்டு சரியில்ல, அதான் அவன் விழுந்தான். அதை நான் இதுவரைக்கும் வெளியில சொல்லல. பெருந்தன்மையா இருக்கேன்."

"என் கட்டு சரிதான். துண்டுதான் என்னோடது இல்ல. அது யார் கட்டுன துண்டு சயா?"

மனுஷன் ஒரு நொடி வேனைத் திரும்பிப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

"துணிக்கு என்ன பட்டா போட்டு வச்சிருக்கியா?" என்றார் கடைசியில். "எங்க தாத்தாவும் இதே அலோன் துறையில மூட்டை தூக்குனவர்தான். தூக்கித் தூக்கித்தான் நாங்க மேல வந்தோம். உக்காந்து யாரும் மேல வரல. எல்லாரும் வெளிய போங்க. துறையில கூப்பிட்டா நூறு பேரு ஓடி வருவான்."

அவர் சொன்னது பொய்யில்லை. சற்று நேரத்திலேயே துறையிலிருந்து சுமைகூலிகளைக் கூட்டி வந்துவிட்டார். முன்னால் வந்தவர் இராமையா. மூன்று தலைமுறையாகத் துறையில் சுமை தூக்கும் குடும்பம்; அன்றைக்குக் காலையிலிருந்து வேலை கிடைக்காமல் தேநீர்க் கடை வாசலில் குந்தியிருந்தவர். சத்யபாமாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இருவரும் ஒரே காளி கோயிலுக்குப் போகிறவர்கள்.

"என்னை ஏசாதம்மா. வீட்டுல அடுப்பு எரியல," என்றார்.

"ஏசல அண்ணே. கட்டுங்க. ஒண்ணு மட்டும் செய்ங்க. கட்டுனதை நெத்தியில மாட்டிட்டு அந்தப் படியில ஏறி எறங்குங்க. அப்புறம் அனுப்புங்க. இந்தக் கிடங்கு வழக்கம் அது."

இராமையாவுக்கு ரோசம் வந்துவிட்டது. கப்பலில் இருந்து அரிசி மூட்டை இறக்கிய முதுகுக்கு இந்தப் படி ஒரு பொருட்டா? பெரிய மூட்டையைக் கட்டி, பட்டையை நெற்றியில் மாட்டி, மூச்சை இழுத்து எழுந்தார். படி கிறீச்சிட்டது. பாதி ஏறினார். அங்கேயே நின்றார். கழுத்து நரம்பு புடைத்து, கெண்டைக்கால் துடித்தது. குழந்தைவேலு கீழிருந்து, "படியேறச் சொல்லியா உன்னைக் கூப்பிட்டேன்? எறங்குய்யா, வேன்ல ஏத்து" என்று சத்தம் போட்டார்.

இராமையா ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கி வந்து மூட்டையைக் கீழே விட்டார். நெற்றியில் பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"இதைத் தூக்கிட்டு அந்தாளு மலை ஏறுனானா?"

"ஏறுனான். செகப்புத் துண்டைப் பாத்து ஏறுனான்," என்றாள் கரீமா.

இராமையா நெற்றியைத் தடவிக்கொண்டார். வீட்டு அடுப்பை நினைத்திருப்பார். பிறகு அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்களில் சிலர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார்கள். சிலர் உட்கார்ந்தார்கள்.

"மயாபூ சயா," என்றார் இராமையா. அந்தச் சொல்லைக் கேட்டே பழகிய வாய். சொல்லும்போது கொஞ்சம் குழறியது.

"அப்படியா? ரவுடிப் பசங்களைக் கூட்டிட்டு வந்து ஒரு நிமிஷத்துல காலி பண்றேன் பாரு. நாளையிலிருந்து அலோன்ல எவனும் உங்களுக்கு வேலை கொடுக்க மாட்டான்." குழந்தைவேலு வேனில் ஏறிப் போனார். அவரால் அது முடியும் என்று உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். கரீமா மட்டும், தாமுவேயில் வாடகைக்கு இருக்கும் தன் ஒற்றை அறையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.

மதியம் தாண்டியது. சரக்கு விமானம் போயிருக்கும். யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. பசித்தது. கொசு கடித்தது. மலையில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. அஸ்கர் சொன்னானோ, சொல்ல விட்டார்களோ, சுமைகாரர்கள் கேட்டார்களோ. கேட்டாலும் பயணக்காரர்கள் வந்தால்தான் அவர்களுக்கும் அரிசி. இங்கே யாரோ ஒருத்தி சொன்னாள் என்று சுமையை இறக்கிவிடுவார்களா? சத்யபாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அடித்தபோது முதலில் எல்லோரும் பயந்துதான் போனார்கள்.

"அக்கா!" அஸ்கரின் குரலில் மூச்சு வாங்கியது. "எறக்கிட்டாங்க. எல்லா மூட்டையையும் ஊர் நடுவுல எறக்கி வச்சுட்டாங்க. மூங்கில் வெட்டி டோலி கட்டியிருக்காங்க. அவனைத் தூக்கிட்டு இப்பக் கெளம்பறாங்க. தூக்குறவனுக்குக் கூலி கெடையாது, இனிமே வேலையும் கெடையாதுன்னு சயா போன்ல சொல்லிட்டாரு."

"பிராங் எப்படி இருக்கான்?"

"காலு இன்னும் அசையல. பேச்சும் கொறைஞ்சிடுச்சு. வழியில மழை வேற. போய்ச் சேருவானான்னு தெரியலக்கா."

சத்யபாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தேன் புட்டிகளின் ஞாபகம் வந்தது. அவன் கால் திரும்பி வராது என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. அஸ்கர் மறுபடி பேசினான்.

"டோலி தூக்குறவங்க உங்களைக் கேக்கச் சொல்றாங்க. ரங்கூன்ல நீங்க இன்னும் உக்காந்திருக்கீங்களான்னு."

அவள் கிடங்கைச் சுற்றிப் பார்த்தாள். கரீமா. அரிசி பிரிக்கும் பெண்கள். நெற்றியில் தடத்தோடு இராமையா. வெளியே தெரு முனையில் வேன் திரும்பும் சத்தம் கேட்டது; ஒன்றல்ல, இரண்டு. வேன் கதவுகள் திறந்தன. கனத்த செருப்புகள் கிடங்கை நோக்கி வந்தன.

"உக்காந்திருக்கோம்னு சொல்லு," என்றாள்.

போனை வைத்துவிட்டு, அவளும் போய்க் கரீமாவின் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தாள். கதவைக் காலால் உதைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.