இலக்கு வந்து சேரும் இடம்

ஏவுகணை எதையும் துரத்தாது. துரத்துவது தெருநாயின் வேலை. இலக்கு இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் போனால், போய்ச் சேர்வதற்குள் அது நகர்ந்திருக்கும். அதனால் இலக்கைப் பார்க்கும் கோடு திரும்பாதபடி தன் பாதையை வளைத்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப் போனால் இரண்டும் ஓரிடத்தில் மோதியே தீரும். இந்தக் கணக்கைத்தான் பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் ஒன்பது வருஷமாகப் போடுகிறேன். என் பெயர் பத்ரிநாத்.

ஆஞ்சலா எட்டு மாதம் முன்பு கான்ட்ராக்டில் சேர்ந்தாள். தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயில். இலக்கு திடீரென்று திரும்பினால் என் கணக்கில் ஏவுகணை நான்கு மீட்டர் தள்ளிப் போகும். அவள் எழுதிய புதுக் கணக்கில் அரை மீட்டர்கூட இல்லை. ரிவ்யூவில் அது தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ரிவ்யூவுக்கு முன் புரோகிராமை வேறொருவர் படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் டீமில் அதற்குக் கையெழுத்தெல்லாம் கிடையாது. டீ குடிக்கும்போது ஓகே என்றால் ஓகே. என்னிடம்தான் கொடுத்தாள்.

படித்ததுமே ஒரு தப்பு மாட்டியது. ஏவுகணைக்குக் கண் சீக்கர். அது தாமதமாக, ஆட்டத்தோடுதான் பார்க்கும். நாங்கள் சோதிப்பது கம்ப்யூட்டரில் ஓடும் பாவனை ஏவுகணையை; அந்தக் கம்ப்யூட்டருக்கோ இலக்கின் சரியான இடம் தெரியும். அசதியிலோ அவசரத்திலோ ஒரு வரியில் சீக்கர் பார்த்ததற்குப் பதில் அந்தச் சரியான இடத்தையே கொடுத்திருந்தாள். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற கதை.

"எதாச்சும் தப்பு இருந்தா சொல்லிருங்க சார், இப்பவே சரி பண்ணிர்றேன்."

"சூப்பரா இருக்கு. எதையும் தொடாதே."

மூன்று வாரம் காத்திருந்தேன். வேலை நிரந்தரமாகிவிடும் என்று பெங்களூரிலேயே ஜீவனஹள்ளியில் வாடகைக்கு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். நல்ல ஏரியா என்றேன்.

ரிவ்யூவுக்கு வித்யாலட்சுமி மேடம் தலைமை. நான் கேட்டது ஒரே கேள்வி.

"டார்கெட் பொசிஷன எங்கேருந்து எடுக்குறே, ஆஞ்சலா?"

"சீக்கர்லேருந்து சார்."

"அந்த லைன ஸ்க்ரீன்ல போடேன்."

போட்டாள். இரண்டு முறை படித்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இத யாருமே பாக்கலியா?" என்றார் மேடம்.

"பத்ரி சார் பாத்தாரு மேடம்."

"குடுத்தா மேடம். டைம் இல்லேன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே," என்றேன்.

ஆஞ்சலா ஸ்க்ரீனை அணைத்தாள். மாதக் கடைசியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே அந்த ஒரு வரியைத் திருத்தி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர். ஆட்டம், தாமதம் எல்லாவற்றோடும் ஒன்றரை மீட்டர். அவள் யோசனை சரி. என் ஒன்பது வருஷத்தைவிடச் சரி. சர்வரில் அவள் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தாள்.

"சார், அந்த லைன மட்டும் மாத்தி ஒருதரம் ஓட்டிப் பாக்குறீங்களா? நம்பர் தெரிஞ்சா போதும் சார். ராத்திரில தூக்கமே வரல."

"ஓட்டிப் பாத்துட்டேன்மா. ஆறு மீட்டர்."



"அப்போ நான் யோசிச்சதே தப்பு சார்," என்றாள். "பாத்து சொன்னதுக்கு தேங்க்ஸ்."